தங்கத் தட்டும் இசைத்தட்டும்

ஹிட்லரை எதிர்த்து வேலை செய்த சினிமா நடிகை யார் என்று கேட்டால், உலகம் சட்டென்று சொல்லும் பெயர் ஜோஸஃபின் பேக்கர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1906-ல் பிறந்த கறுப்பினப் பெண். வறுமை என்றால் வறுமை, அப்படி ஒரு வறுமை. பாரீஸுக்குப் போய் ஆடினார், பாடினார், சினிமாவில் நடித்தார். 1930-களில் பிரான்ஸே அவர் காலடியில்.

1940-ல் ஜெர்மன் ராணுவம் பாரீஸைப் பிடித்தது. பேக்கர் என்ன செய்தார் தெரியுமா? கச்சேரிக்குப் போகிற சாக்கில் உளவுத் தகவல்களைக் கடத்தினார். தன் பாட்டு நோட்டுகளில், சுரங்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்ட ராணுவ ரகசியங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு அந்த நோட்டைப் பார்க்கவா தோன்றும்? ஆட்டோகிராஃப் வாங்கத்தான் தோன்றும்.

பாட்டுக்காரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் சூட்சுமம்.

‘அதெல்லாம் ஐரோப்பா சார், நம்ம பக்கத்துல அப்படி யாரு?’ என்று கேட்பீர்கள். திண்டுக்கல்லிலிருந்து கரூர் வழியாகப் போனால் சுமார் நூறு கிலோமீட்டர். காவிரிக் கரையில் ஒரு ஊர், கொடுமுடி. அங்கே 1908-ல் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த வாரம். பேக்கரைவிட இரண்டு வயது இளையவர். கே.பி.சுந்தராம்பாள்.

‘அட, நம்ம அவ்வையாரா!’

அங்கேதான் சிக்கலே. நமக்கு அவரை அவ்வையாராக மட்டும்தான் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே.பி.எஸ். ஹிட்லரையோ முசோலினியையோ எதிர்த்துக் களமிறங்கியவர் இல்லை. அவர் எதிர்த்தது, நம் தலைமேல் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனை. ஆனால் பேக்கர் கையில் இருந்த அதே ஆயுதம்தான் இவர் கையிலும். பாட்டு.

அந்த ஆயுதம் நம்மூரில் எப்படி வேலை செய்தது என்று புரிய வேண்டுமானால், வள்ளி திருமணம் நாடகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நத்தம், வேடசந்தூர், வடமதுரை பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். தினைப்புனத்தில் வள்ளி காவல் காப்பாள். பறவைகளை விரட்டுவாள். முருகன் வேடனாக, கிழவனாக வந்து வம்பு பண்ணுவார். கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஏன்? கதைக்கு நடுவே யார் என்ன பாடப்போகிறார்கள், என்ன எடக்குப் பேசப்போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இந்த இடைவெளிக்குள்தான் சுதந்திரப் போராட்டம் நுழைந்தது. சிவகாசிக்காரர் எஸ்.எஸ்.விசுவநாத தாஸ். முருகன் வேஷம் கட்டுவார். பறவையை விரட்டுகிற கட்டம் வந்ததும் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு எடுப்பார். பறந்து போவது எந்த வெள்ளைக் கொக்கு என்று தரையில் உட்கார்ந்திருந்த கடைசி ஆளுக்கும் புரியும். போலீஸுக்கும் புரியும்! பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940-ஆம் வருஷத்தின் கடைசி ராத்திரி, சென்னையில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிரை விட்டார்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் தெரியும். 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். மீதி ஒன்பது பேரிடம் காந்தியை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பத்திரிகையால் முடியாது. இங்கிலீஷில் வெளுத்து வாங்கிய வக்கீல்களாலும் முடியாது. நாடகக்காரர்களால் முடிந்தது. மைக் பரவலாவதற்கு முந்தைய காலம். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் தொண்டை அவர்களுக்குத்தான் இருந்தது.

அந்தத் தொண்டைகளில் முதல் வரிசைத் தொண்டை, கொடுமுடி பாலாம்பாள் மகள் சுந்தராம்பாளுடையது. கே.பி. என்பது அதுதான். ஊர் பேரும் அம்மா பேரும்.

சின்ன வயதிலேயே அப்பா இல்லை. சாப்பாட்டுக்கே கஷ்டம். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அப்படி ஒருநாள் பாடும்போது கேட்டவர் திருச்சி எஃப்.ஜி.நடேச அய்யர். ரயில்வே அதிகாரி, ஆனால் நாடகப் பித்தர். அவர் மூலமாகத்தான் நாடகக் கம்பெனிக்குப் போனார் என்பார்கள். முதலில் கிடைத்தது நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளை வேஷமாம். நடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

1920-களின் நடுவில் இலங்கையில் நாடகம் போடும்போது எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டைக்காரர். தமிழ் நாடக மேடையின் சக்கரவர்த்தி. இரண்டு பேரும் சேர்ந்து பாடினால் கொட்டகை தாங்காது. காதல், கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. சேர்ந்து வாழ்ந்த காலத்தைவிடப் பிரிந்து ஏங்கிய காலம்தான் அதிகம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது 27. கே.பி.எஸ்.ஸுக்கு 25.

அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையை, 1980-ல் கண்ணை மூடுகிறவரை மாற்றவில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம். மேடையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்.

அவரைத் திரும்ப வெளியே கொண்டுவந்ததில் காங்கிரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. குறிப்பாகத் தீரர் சத்தியமூர்த்திக்கு. அவரே சுகுண விலாஸ சபாவில் வேஷம் கட்டியவர். அன்றைய பெரிய தலைவர்களில் நாடகக்காரர்களை மதித்துப் பக்கத்தில் உட்கார வைத்தவர் என்று தேடினால் அவர்தான் முதலில் கிடைப்பார். ராஜாஜிக்கு சினிமா என்றாலே ஆகாது. சத்தியமூர்த்தியோ, ‘கூட்டத்துக்குக் கூப்பிடு’ என்றார்.

இப்போது வரவு செலவுக் கணக்கை எடுப்போம். பி.காம். படித்தவனுக்கு இந்தப் புத்தி போகாது.

காங்கிரஸுக்குக் கிடைத்த வரவு என்ன? கே.பி.எஸ். பாடுகிறார் என்று தண்டோரா போட்டால் போதும், பத்து மைல் சுற்றளவில் மாட்டுவண்டிகள் கிளம்பிவிடும். அவர் பாடி முடித்ததும் தலைவர் பேசுவார். தலைவரைக் கேட்க வந்த கூட்டமா, பாட்டைக் கேட்க வந்த கூட்டமா என்பதெல்லாம் பேசக்கூடாத ரகசியம். 1937 தேர்தலில் சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் பிடித்தது 159. அந்தத் தேர்தலில் கே.பி.எஸ். ஊர் ஊராகப் போய்ப் பாடினார்.

போக முடியாத ஊர்களுக்கு இசைத்தட்டு போனது. காந்தி பற்றியும் கதர் பற்றியும் அவர் பாடிய தட்டுகள் விற்றன. ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். ஆனால் காப்பி கிளப்பில் ஒருவன் சாவி கொடுத்துவிட்டால் தெருவே நின்று கேட்கும். கூட்டத்துக்குத் தடை போடலாம், பேச்சாளரை உள்ளே தள்ளலாம். ஆனால் வீடு வீடாகப் போய்விட்ட குரலைப் பிடிப்பது எப்படி? பேக்கர் பாட்டு நோட்டில் ரகசியத்தை ஒளித்து வைத்தார். இங்கே ஒளிக்கவே இல்லை. பாட்டே செய்தி.

சரி, கே.பி.எஸ்.ஸுக்கு என்ன வரவு?

பணம் என்று நினைத்தால் தப்பு. பணம் அவருக்கு சினிமா கொடுத்தது. 1935-ல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்கவே மாட்டேன் என்று தட்டிக்கழிக்க அவர் கேட்ட தொகை அது என்றும், அசராமல் தயாரிப்பாளர் கொடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பவுன் 25 ரூபாய்க்குப் பக்கம். ஒரு லட்சம் என்றால் ஏறத்தாழ 4,000 பவுன். முப்பத்திரண்டு கிலோ தங்கம்! இன்றைய விலைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

சபதம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? காப்பாற்றினார். கதாநாயகி வேஷம் இல்லை, நந்தனார் வேஷமே அவருக்குத்தான். ஆண் வேஷம். சிதம்பரம் கோயிலுக்குள் விடப்படாத பறையர் குலத்து அடியாராக கே.பி.எஸ். எதிரே அவரை அடக்கி ஆளும் வேதியராக, சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். படத்தைக் கல்கி கிழித்துத் தொங்கவிட்டார். மனிதர்களைவிடப் பனைமரமும் எருமைமாடும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல். இருக்கட்டும். ஹரிஜன நிதி திரட்டக் காந்தி தமிழ்நாட்டைச் சுற்றிவிட்டுப் போன மறு வருஷம், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்த 1939-க்கு நாலு வருஷம் முந்தி, ஒரு விதவைப் பெண் நந்தனாராக நின்று கோயில் கதவு ஏன் எனக்குத் திறக்கவில்லை என்று வெள்ளித்திரையில் பாடியிருக்கிறார். அது சும்மா பக்திப் படம் இல்லை.

கொடுமுடிப் பக்கம் இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். காந்தி அவர் வீட்டுக்கு வந்தார். கே.பி.எஸ். தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறினார். சாப்பிட்டு முடித்த காந்தி, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று கேட்டாராம். அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். தட்டு ஏலத்துக்குப் போய் நிதியானது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை நாம் எப்போதும் காந்தியின் சாமர்த்தியத்துக்காகவே சொல்கிறோம். தட்டைக் கொடுத்தவர் பக்கம் திரும்பிப் பார்த்தோமா? அந்தக் காலத்தில் நாடகக்காரி என்றால் என்ன மரியாதை என்று வயதானவர்களைக் கேளுங்கள். கூத்தாடி என்பார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணீர் விட்டு ரசிப்பார்கள். விடிந்தால் தெருவில் ஒதுங்கிப் போவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க யோசிப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்கு, அதுவும் விதவையான பெண்ணின் வீட்டுக்கு, நாடே கும்பிடுகிற மனுஷன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் விலை ஒரு தங்கத் தட்டுதான் என்றால், கே.பி.எஸ். கணக்கில் அது மலிவு.

அவர் வரவு அதுதான். கௌரவம். பட்டுச்சேலை நடிகையை அசிங்கமாகப் பார்த்த ஊர், கதர்ச்சேலைப் பாட்டுக்காரியை ‘அம்மா’ என்று கூப்பிட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்த அதே மூச்சில், தன்னைக் கீழே வைத்த சொந்த ஊரையும் எதிர்த்து ஜெயித்தார். சண்டை போடாமல். பாடி.

இங்கே இன்னொரு நடிகையைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. திண்டுக்கல் 1985-ல்தான் தனி மாவட்டம். அதற்கு முன்னால் நாமெல்லாம் மதுரை மாவட்டம்தானே. அந்த மதுரையின் கே.பி.ஜானகி அம்மாள். 1917-ல் பிறந்தவர். இவரும் நாடக நடிகை. விசுவநாத தாஸ் மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மறுக்காமல் நடித்தவர் ஜானகி. பிறகு காங்கிரஸ், அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி. இரண்டாம் உலகப்போர் ஆரம்பித்ததும், எங்களைக் கேட்காமல் எங்களை எப்படி யுத்தத்தில் இழுக்கலாம் என்று மேடையில் முழங்கினார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கைது. தென்னிந்தியாவில் அந்த விதிகளில் கைதான முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஹிட்லரை எதிர்த்து சண்டை போடுகிற பிரிட்டன், மதுரை நடிகையைப் பிடித்து ஜெயிலில் போடுகிறது! ஹிட்லரிடமிருந்து உலகத்தின் சுதந்திரத்தைக் காப்பாற்றுகிறேன் என்கிறவன், இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடையாது என்கிறான். ஜோஸஃபின் பேக்கருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவருக்கு எதிரி ஒருத்தன்தான். நம் ஆட்களுக்கோ ஒரு பக்கம் பாசிஸ்ட், இன்னொரு பக்கம் அந்தப் பாசிஸ்ட்டை எதிர்க்கிற எஜமான். 1941-ல் ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் நுழைந்த பிறகு கம்யூனிஸ்ட் கட்சியே தன் நிலையை மாற்றிக்கொண்டது. இது மக்கள் யுத்தம், பாசிசத்தை வீழ்த்துவதே முதல் வேலை என்றது. சரியா தப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஜானகி அம்மாள் 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1992-ல் மறைந்தார்.

தமிழ் சினிமாவிலும் ஒரு பாசிச எதிர்ப்பு நாயகி இருந்தாள். நிஜத்தில் இல்லை, திரையில். போர்க்காலத்தில் ஃபிலிம் சுருளுக்குப் பஞ்சம். அரசாங்கம் ரேஷன் வைத்தது. போர்ப் பிரசாரப் படமும் எடுத்துக் கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களை நெருக்கியது. அப்படி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம்தான் 1945-ல் வந்த ‘பர்மா ராணி’. ஜப்பான்காரன் பிடித்து வைத்திருக்கும் பர்மாவில், இந்திய வீரர்களுக்கு உதவுகிற வீரப்பெண்ணாகக் கே.எல்.வி.வசந்தா. சர்க்கார் ஊக்கத்தில் ஒரு எதிர்ப்பு நாயகி! சர்க்காரை எதிர்த்த நிஜ நாயகிகள் அதே நேரத்தில் கதர்ச்சேலையோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இதில் எது நடிப்பு, எது நிஜம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கே.பி.எஸ்.ஸுக்கு வருவோம். நாடு விடுதலை அடைந்தது. 1953-ல் எஸ்.எஸ்.வாசனின் ‘அவ்வையார்’. நாற்பத்தைந்து வயதில் கிழவி வேஷம். தமிழ்நாடே கொண்டாடியது. 1958-ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, சட்டமேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவிலேயே மாநில சட்டசபைக்குள் போன முதல் சினிமாக் கலைஞர் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் கலந்ததற்குத் திராவிடக் கட்சிகள்தான் காரணம் என்று டீக்கடையிலிருந்து டெல்லிவரை பேசுகிறார்கள். தேதியைப் பாருங்கள் சார். சத்தியமூர்த்தி கே.பி.எஸ்.ஸை மேடையேற்றியபோது தி.மு.க. என்ற கட்சியே பிறக்கவில்லை. அது பிறந்தது 1949-ல். நட்சத்திரத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிற வித்தையை ஆரம்பித்து வைத்தது காங்கிரஸ். மற்றவர்கள் அதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பரம காங்கிரஸ்காரரான கே.பி.எஸ்.ஸே 1964-ல் கலைஞர் எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகளாக வந்து பாடினார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்கு 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ.

குறை ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். பதவி கிடைத்தது, பட்டம் கிடைத்தது. ஆனால் கணக்கை முடிக்கும்போது ஒரு வரி இடிக்கிறது.

ஜோஸஃபின் பேக்கருக்குப் போர் முடிந்ததும் பிரான்ஸ் பதக்கங்கள் கொடுத்தது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் நடத்திய பேரணியில் பேசப் போனபோது, அவர் போட்டிருந்தது பளபளப்பான நடன உடை இல்லை. பிரெஞ்சு ராணுவச் சீருடை, மேலே அந்தப் பதக்கங்கள். தன்னை எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்று அவரே உடுத்திக் காட்டினார். இறந்து 46 வருஷம் கழித்து, 2021-ல், பிரான்ஸ் தன் மகத்தான மனிதர்களுக்கு மரியாதை செய்யும் பாந்தியன் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது. எதற்காக? ஆடினதற்காக மட்டும் இல்லை. எதிர்த்து நின்றதற்காகவும்.

கே.பி.எஸ்.ஸுக்கு நாம் கொடுத்தது விபூதிப் பட்டையும் கைத்தடியும். டிவியில் ‘திருவிளையாடல்’ போடும்போதெல்லாம் பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனை சமாதானப்படுத்த வருகிறார். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அந்த முகம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு அடியில் இருந்த 25 வயதுப் பெண், துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்து கூட்டத்து நடுவே நின்று பாடிய பெண், நம் கண்ணில் படவே இல்லை. பாட்டியை சாமியாக்கிவிட்டால் அவள் போட்ட சண்டையை மறந்துவிடலாம். நமக்கு அது வசதி.

விடுதலைப் போராட்ட வரலாறு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? உப்பு எடுத்தவர், தூக்கில் தொங்கியவர், கப்பல் விட்டவர், கொடி பிடித்தவர். எல்லாம் சரி. கூட்டம் எப்படிக் கூடியது என்று மட்டும் எந்தப் பாடமும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. கூட்டம் தானாகவா கூடும்? யாரோ பாடினார்கள். பாடியவர்களில் பலர், பகலில் நாம் திண்ணையில் உட்கார வைக்க யோசித்த பெண்கள்.

அவர்கள் கடன் இன்னும் நம் பேரில்தான் நிற்கிறது.